எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவதா?

கேள்வி: இம்ப்ரோவ், அதாவது முன்தயாரிப்பில்லாமல் மேடையிலேயே உருவாக்கி நடிக்கும் நகைச்சுவைக்காரர்களின் ‘ஆமாம், அதோடு...’ விதியை அன்றாட வாழ்க்கையிலும் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஆமாம் போட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிட மாட்டார்களா?

பதில்: அரைப்பார்கள், ஆமாம் என்றால் கீழ்ப்படிதல் என்று நினைத்துக்கொண்டால். மேடையில் அதற்கு அந்த அர்த்தமே கிடையாது. கூட நடிப்பவர் உருவாக்கியதை உண்மையென்று ஏற்றுக்கொண்டு, அதன்மேல் நம் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பதுதான் விதி.

எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லாத மேடை. ஒருவர் வெறுங்கையை மார்போடு அணைத்தபடி, “மெதுவா பேசு, இப்பதான் தூங்கினான்” என்று நுழைகிறார். “உன் கையில ஒண்ணுமே இல்லையே” என்றால் அரங்கம் ஒரு தடவை சிரிக்கும், காட்சி அங்கேயே படுத்துவிடும். “அப்படியே உன் மூக்கு!” என்றால் குழந்தை பிறந்துவிட்டது. “ஐயோ, என்கிட்ட குடுத்துடாதே, எனக்குத் தூக்கத் தெரியாது” என்றும் சொல்லலாம். தூக்க மறுத்தாயிற்று, ஆனால் குழந்தை இருக்கிறது. அதுதான் ஆமாம். அலுவலகத்திலும் அப்படித்தான். மேலதிகாரி ஒரு வேலை நாளைக்கே முடிய வேண்டும் என்றால், அவருடைய அவசரத்தை ஒப்புக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் மற்ற வேலைகளில் எதைத் தள்ளிப்போடலாம் என்று அவரையே கேளுங்கள்.

இதற்கு முதலில் காது வேண்டும். சிகாகோவில் குழந்தைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கிய வயோலா ஸ்போலின், 1963-இல் அவற்றை நூலாக்கினார். அதில் கண்ணாடி விளையாட்டு எனக்கு மிகப் பிடித்தது. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவை மற்றவர் அப்படியே செய்ய வேண்டும். போகப்போக யார் செய்கிறார், யார் பார்த்துச் செய்கிறார் என்றே தெரியாது. அடுத்து என்ன செய்யலாம் என்று மனசுக்குள் யோசித்தால் கை பிந்திவிடும். நாமோ எதிராளி பேசி முடிப்பதற்குள் பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம்.

மறதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் இந்த இம்ப்ரோவ் பயிற்சியைச் சொல்லித்தருகிறார்கள். அங்கேதான் இதன் அருமை தெரியும். என்றோ இறந்துபோன கணவரை, “அவர் இன்னும் வரலையே” என்று அம்மா தேடுகிறார். “அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சும்மா” என்று திருத்தினால், அந்தச் சாவு அவருக்கு இன்றைக்குத்தான் நடக்கிறது. நாளைக்குக் கேட்டால் நாளைக்கும். வந்துவிடுவார் என்று பொய் சொல்லவும் வேண்டாம். “அப்பா ஞாபகமாவே இருக்கா? அவரை முதல்ல எங்கே பார்த்தேம்மா?” என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.