ஆசிரியர்களுக்கான இணையவழிக் குழுக்களால் வகுப்பறையில் உண்மையிலேயே பயன் உண்டா?

பயிற்சி முகாம்களுக்குப் போயும் எதுவும் மாறவில்லை, கைப்பேசிக் குழுவில் சேர்ந்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்று ஓர் இளம் ஆசிரியர் கேட்டிருக்கிறார். மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பித்துவருபவள் என்ற முறையில், பயன் உண்டு என்பதே என் பதில். ஆனால் குழுவில் எதைப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

எங்கள் பள்ளியில் தமிழ்வழி ஆசிரியர்கள் மிகச் சிலரே. நான் கலந்துகொண்ட பயிற்சிகளும் பெரும்பாலும் மராத்தியிலேயே நடந்தன. அதனால் தாராவி, சயான் கோலிவாடா பகுதிகளில் பணிபுரியும் பதினெட்டுப் பேர் சேர்ந்து டெலிகிராமில் ஒரு குழுவைத் தொடங்கினோம். முதல் சில மாதங்கள் சுற்றறிக்கைகளும் காலை வணக்கங்களுமாகவே கழிந்தன. ஒருநாள் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைப் படமெடுத்து, பெயரை மறைத்து, குழுவில் இட்டேன். 402இலிருந்து 178ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தாள். கவனக்குறைவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோலிவாடாவிலிருந்து ஓர் அக்கா உடனே, "ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறாள், பாருங்கள்" என்று எழுதினார். இரண்டிலிருந்து எட்டுப் போகாது என்பதால் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு, அதேபோல ஏழிலிருந்து பூஜ்யத்தைக் கழித்து ஏழு. அவள் ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள். அந்த விதிதான் தவறு. மறுநாளே மேலும் இருவர் தங்கள் வகுப்பு நோட்டுகளிலும் அதையே கண்டார்கள்.

'கடன் வாங்குதல்' என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் சொல் அந்தக் குழந்தைகளுக்கு எதையும் காட்டவில்லை என்பதும் அந்த உரையாடலில்தான் தெரிந்தது. இட்லி விற்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில்லறை மாற்றத் தெரியும் என்று இன்னொருவர் நினைவூட்டினார். காகிதத்தில் நான்கு நூறு ரூபாய்த் தாள்களும் இரண்டு ஒரு ரூபாய்களும் செய்து அந்த மாணவியிடம் கொடுத்து 178 ரூபாய் தரச் சொன்னேன். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கி எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி 224 என்று அவளே சொன்னாள்.

கற்றல் பற்றி ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில் செயல்முறைச் சமூகம், அதாவது ஒரே தொழிலைச் செய்பவர்கள் கூடிக் கற்கும் குழு, என்ற கருத்தை முன்வைத்தபோது, ஒரு தொழிலை அதைச் செய்பவர்களோடு சேர்ந்து செய்தே கற்கிறோம் என்றார்கள். இதே மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 2015இல் தொடங்கப்பட்ட, தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான கிளிக்ஸ் (CLIx) திட்டத்தில், ராஜஸ்தான், மிசோரம் உள்ளிட்ட மாநிலங்களின் அரசுப் பள்ளி ஆசிரியர்களை டெலிகிராம் குழுக்களில் இணைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுதோறும் 50 மணி நேரப் பணிசார் வளர்ச்சியை எதிர்பார்க்கிறது. காணொளியைப் பார்த்துச் சான்றிதழ் பெறுவதிலேயே அந்த நேரம் முழுவதும் தீர்ந்துவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். நான் முன்பிருந்த வேறொரு குழுவில் மேலதிகாரிகளும் இருந்தார்கள். தன் வகுப்பில் பாடம் புரியவில்லை என்று அங்கே ஒருவர்கூட எழுதியதில்லை. ஆகவே நீங்கள் தொடங்கும் குழுவில் உடன் பணிபுரிபவர்கள் மட்டும் இருக்கட்டும். இந்த வாரம் உங்கள் வகுப்பில் சரியாக நடக்காத ஒரு பாடத்தை நீங்களே முதலில் எழுதுங்கள்.