சிவகாசி அச்சகமும் ரோட்டர்டாம் மீட்டிங்கும்

கேள்வி: நான் சிவகாசிக்காரன், வயது 38. அப்பா சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினார். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசு லேபிள் எல்லாம் அடிப்போம். அப்பா ரொம்பக் கண்டிப்பு. அவர் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். கலர் விலகிய ஷீட்டுகளை ஆட்கள் மெஷினுக்கு அடியில் தள்ளி மறைத்துவிடுவார்கள். ஆனால் சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேரும். அந்த ஒழுங்கில் வளர்ந்துதான் இந்த நிலைக்கு வந்தேன். இப்போது ரோட்டர்டாமில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவன். போன மாதம் மீட்டிங்கில் 25 வயது டச்சுப் பையன் ஒருவன் எல்லார் முன்னாலும் “உங்கள் திட்டம் தப்பு” என்றான். எனக்குப் பேச்சே வரவில்லை. குழுவில் உள்ள நம் நாட்டுப் பிள்ளைகள் இருவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசி நாளில் வேலை முடியவில்லை என்கிறார்கள். மேலதிகாரி என்னிடம் “வெளிப்படையாகப் பேசு” என்கிறார். வீட்டில் 9 வயது மகளும் எதிர்த்துப் பேசுகிறாள். டிசம்பரில் ஊருக்கு வரும்போது அப்பாவிடமும் இப்படித்தான் பேசப்போகிறாள். அப்பா வளர்த்த விதத்தை மறந்தால்தான் வெளிநாட்டில் தலைமை தாங்க முடியுமா?

- பெயர் வேண்டாம், ரோட்டர்டாம்

பதில்: தம்பி, மெஷினுக்கு அடியில் போன ஷீட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ வேண்டும் என்பதை அச்சகத்துப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூலளவு விலகினால் காலண்டர் முருகனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். ஐம்பதாவது ஷீட்டில் யாராவது வாய் திறந்தால் மெஷினை நிறுத்திச் சரிபண்ணலாம். ஐயாயிரமாவது ஷீட்டில் தெரிந்தால் பேப்பரும் போச்சு, மையும் போச்சு. மறைத்த ஆள் அப்பாவைக் கண்டு பயந்து மறைத்திருக்கிறார். உங்கள் குழுவில் தலையாட்டுகிற அந்த இரண்டு பேரும் அதையேதான் செய்கிறார்கள்.

கோஃபி அன்னான் தன் சின்ன வயதில் நடந்ததாகச் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. 1938-இல் கானாவின் குமாசி நகரில் பிறந்து, பிறகு 10 ஆண்டுகள் ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தாரே, அவர்தான். அவருடைய அப்பா யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியில் மேலாளர். பையன் ஒருநாள் அப்பாவின் அறையில் இருந்தபோது, கீழே வேலை பார்த்த ஒருவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தார், கையில் புகைகிற சிகரெட்டோடு. அப்பாவுக்குச் சிகரெட் பிடிக்காது என்பது ஞாபகம் வந்ததும் அதை அப்படியே கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். பை புகைகிறது, மனுஷன் நெளிகிறார், ஆனாலும் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனார். அவரை ஏன் இப்படி வதைத்தீர்கள் என்று பையன் கேட்டதற்கு அப்பா சொன்னாராம்: ‘நான் வதைக்கவில்லை. பேசாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம், சாம்பல் கிண்ணத்தில் அணைத்திருக்கலாம். நீ வாழ்க்கையில் செய்யக்கூடாத ஒன்றை இன்று பார்த்தாய். யார் முன்னாலும் இப்படிக் கூனிக் குறுகாதே.’

நல்ல பாடம்தான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சிகரெட்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு மேசைக்குப் பின்னால் இருந்த அந்த அப்பா மீதும் கொஞ்சம் வருத்தம் உண்டு. வாய் திறந்து ‘அதை அணைத்துவிட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! துணி கருகுவதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நீங்கள் இப்போது அந்த மேசைக்குப் பின்னால் இருக்கிறீர்கள், தம்பி. யாராவது உங்கள் முன்னால் சிகரெட்டைப் பைக்குள் திணித்தால், எடுக்கச் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எப்படி? அந்த இருவரிடம் ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா’ என்று கேட்காதீர்கள். பெரியவர் கேட்டால் முடியும் என்றுதான் சொல்ல வேண்டும் என்று நம் வீடுகளில் பழக்கி அனுப்பியிருக்கிறோம். ‘இதில் எங்கே இடிக்கும்?’ என்று கேளுங்கள். மீட்டிங்கில் வைத்து வேண்டாம். முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். முதல் தடவை கெட்ட செய்தி வரும்போது உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் மாறாமல் ‘சரி, இப்போது சொன்னது நல்லதாய்ப் போயிற்று, அடுத்து என்ன செய்யலாம்’ என்று மட்டும் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. முகம் சுருங்கினால் அப்புறம் ஷீட்டெல்லாம் மெஷினுக்கு அடியில்தான்.

மேலதிகாரி சொன்ன ‘வெளிப்படையாகப் பேசு’ என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கீழேயிருந்து வரும் கெட்ட செய்தி உங்கள் மேசையோடு நிற்கக்கூடாது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று நினைக்கிறேன். கூனிக் குறுகாதே என்று சின்ன வயதில் கற்ற அன்னானே இதில் தவறியிருக்கிறார். 1994 ஜனவரியில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவிலிருந்து ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டலேர், ஆயுதங்கள் பதுக்கப்படுவதாகவும் கொலைத் திட்டம் உருவாவதாகவும் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்பினார். அமைதிப் படைத் துறையின் தலைவராக அப்போது இருந்தவர் அன்னான். ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிட அந்தத் துறை அனுமதி தரவில்லை. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது. சுமார் 100 நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று பத்தாண்டு கழித்து அவரே ஒப்புக்கொண்டார். வல்லரசுகளுக்குத் தலையிட மனமில்லை என்பதும் உண்மைதான். உங்கள் மென்பொருளை அந்தத் துயரத்தோடு வைத்துப் பேசக்கூடாது. ஆனால் அப்பா சொல்லிக் கொடுத்த ஒரு பாடம் ஆயுளுக்கும் தானாகக் கூட வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

டச்சுப் பையனைப் பொறுத்தவரை, அவன் உங்களை அவமானப்படுத்தவில்லை. அங்கே ஆரம்பப் பள்ளியிலேயே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளாளுக்குப் பேசச் சொல்கிறார்கள். ஆசிரியரிடம் மறுத்துப் பேசி வளர்ந்தவன் உங்களிடமும் அப்படித்தான் பேசுவான். அன்னான் முதன்முதலில் அமெரிக்காவில் மினசோட்டாவுக்குப் படிக்கப் போனபோது, அந்தக் குளிரில் எல்லாரும் காதுக்கு உறை மாட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து, பார்க்கச் சகிக்கவில்லை, நான் மாட்ட மாட்டேன் என்று இருந்தாராம். ஒருநாள் சாப்பிடப் போகும் வழியில் காது உறைகிற நிலை. போய்ப் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார். உள்ளூர்க்காரனைவிட எனக்குத் தெரியும் என்று நினைக்காதே என்பது அன்று தெரிந்தது என்று சொல்வார். அடுத்த முறை அந்தப் பையன் தப்பு என்றால், எந்த இடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சரியென்று பட்டால் அந்த மீட்டிங்கிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். படாவிட்டால் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். டச்சுக்காரர்கள் அதற்குக் கோபப்பட மாட்டார்கள். மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்தான் அவர்களுக்கு ஒன்றும் புரியாது.

இதற்காக அப்பாவை முழுக்க மறக்க வேண்டியதில்லை. சொன்ன தேதி தவறாமை எந்த நாட்டிலும் செல்லும், அதை விட்டுவிடாதீர்கள். சென்னையில் பிறந்த இந்திரா நூயி 2006-இல் பெப்சிகோவின் தலைமைக்கு வந்தபின் ஊருக்கு வந்தார். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவரைவிட அவருடைய அம்மாவிடம் போய், பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று சொன்னார்களாம். நம் ஊரில் சாதாரணமாக நடப்பதுதான். அவர் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், தனக்குக் கீழே வேலை செய்த உயரதிகாரிகளின் அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார், உங்கள் பிள்ளை எங்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கிறார் என்று. பெற்றோர் நெகிழ்ந்துபோனார்கள். நீங்களும் உடனே பேனாவை எடுத்துவிடாதீர்கள், டச்சுக்காரர்கள் மிரண்டுவிடுவார்கள்! ஒருவர் செய்த நல்ல வேலையை அவர் பெயர் சொல்லி மேலதிகாரிக்கு எழுதுங்கள், அது போதும்.

மகள் விஷயம். நூயியின் அம்மா சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் இருவரிடமும், நீ பிரதமரானால் என்ன செய்வாய் என்று கேட்டுப் பேசவைத்து, யார் நன்றாகப் பேசினார்கள் என்று தீர்ப்பும் சொல்வாராம். அறுபதுகளின் மெட்ராஸில் நடந்தது இது. ஆகவே பெண் பிள்ளை எதிர்த்துப் பேசுவது ரோட்டர்டாம் காற்று என்று பழி போடாதீர்கள். மரியாதை இல்லாத சொல் வந்தால் திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள். டிசம்பரில் தாத்தாவிடமும் பேசட்டும். மகன் பேசினால் அதட்டியிருப்பார். பேத்தி பேசினால் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவார். பொறாமைப்படாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.