வெப்பம் எங்கே உறைகிறது?

கிளிநொச்சியிலிருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்கிறார்: “வெப்பவுள்ளுறை (enthalpy) ஒரு நிலைச்சார்பு, வெப்பம் அப்படியல்ல என்று படித்தோம். ஆனால் மாறா அமுக்கத்தில் இரண்டும் சமம் என்றுதான் கணக்குச் செய்கிறோம். இது முரண் இல்லையா?”

மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகாமல் நின்று கேட்டிருக்கிறீர்கள். நிலைச்சார்பு என்றால், வந்த வழியைப் பொறுக்காமல் இப்போதைய நிலையை மட்டும் பொறுத்த அளவு. பாதிக் குழப்பத்துக்குச் சொல்லே காரணம். ‘வெப்பவுள்ளுறை’ என்றதும் உள்ளே உறைந்திருக்கும் வெப்பம் என்றுதான் காதில் விழுகிறது. எந்தப் பொருளுக்குள்ளும் வெப்பம் உறைவதில்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நெருப்பு வைத்தவர் யாருமில்லை. தண்டை அழுத்திய உங்கள் கை செய்த வேலை அது. அதே அளவு காற்றை வெயிலில் வைத்து அதே வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் கொண்டுவந்தால், இரண்டையும் எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாது. உள்ளகச் சக்தி, அதாவது உள்ளே இருக்கும் துணிக்கைகளின் மொத்தச் சக்தி, இரண்டிலும் ஒன்றே. வெப்பமும் வேலையும் பொருளின் எல்லையைக் கடக்கும்போது மட்டும் இருப்பவை. கடந்த பின் அவற்றுக்குத் தனி அடையாளம் கிடையாது.

மாங்குளத்திலிருந்து பரந்தனுக்கு ஏ9 வீதியால் நேரே போகலாம். ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று சுற்றியும் போகலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான உயர வேறுபாடு மாறாது. கடக்கும் வீதியின் நீளம் மாறும். முன்னது நிலைச்சார்பு போன்றது, பின்னது வெப்பம் போன்றது. ஆனால் ‘ஏ9 வீதியால் மட்டும்’ என்று பாதையைக் கட்டிவிட்டால், வீதியின் நீளத்துக்கும் ஒரே விடைதான். ‘மாறா அமுக்கம்’ என்ற நிபந்தனையும் பாதையைத்தான் கட்டுகிறது.

வெப்பவுள்ளுறை என்பது அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி, அதை உள்ளகச் சக்தியோடு கூட்டிய தொகை. மாறா அமுக்கத்தில் கொடுத்த வெப்பத்தின் ஒரு பகுதி உள்ளகச் சக்தியைக் கூட்டும்; மிச்சம் விரிந்து சூழலைத் தள்ளும் வேலைக்குப் போகும். இவ்விரண்டின் கூட்டுத்தொகைதான் வெப்பவுள்ளுறை மாற்றம். எண் ஒன்றானாலும் வெப்பம் நிலைச்சார்பாக மாறிவிடவில்லை.

ஒரு தாக்கம் எந்தப் படிகளால் நடந்தாலும் மொத்த வெப்பவுள்ளுறை மாற்றம் ஒன்றே என்று 1840இல் வேதியியலாளர் ஹெஸ் கண்ட விதியின் பலமும் இதுவே. 1 மூல் காபன் நேரே காபனீரொட்சைட்டாக எரிந்தால் 393.5 கிலோயூல் வெளிவரும். முதலில் காபனோரொட்சைட்டாகி 110.5, பிறகு அது எரிந்து 283.0, கூட்டினால் அதே 393.5.

கணக்கில் கை வைக்குமுன் மாறாதிருப்பது அமுக்கமா, கனவளவா என்று பாருங்கள். மூடிய உறுதியான பாத்திரத்தில் கனவளவு மாறாது. அங்கே அளந்த வெப்பம் உள்ளகச் சக்தி மாற்றத்துக்குச் சமம். அதை வெப்பவுள்ளுறை மாற்றம் என்று எழுதினால் புள்ளி போய்விடும்.