கர்ப்பப்பையில் சீழ்: அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

செல்லப்பிராணி நலம் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸ் நாய்க்கு 8 வயது, குட்டி போட்டதில்லை. போன மாதம் பருவத்துக்கு வந்து அடங்கியது. சில நாட்களாகச் சோற்றைத் தொடாமல், கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் மட்டும் குடிக்கிறது. ஸ்கேன் எடுத்த மருத்துவர், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருப்பதால் உடனே அதை அகற்ற வேண்டும் என்கிறார். இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்குமா? ஊசியிலேயே குணப்படுத்த முடியாதா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மருத்துவர் சொல்வதே சரி; நாள் கடத்தாதீர்கள். பெண் நாய்க்குப் பருவம் அடங்கிய பிறகு, சினைப்பட்டாலும் படாவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதங்கள் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்தே இருக்கும். அதனால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துச் சுரக்க, அங்கே நுழைந்துவிட்ட கிருமி தங்கிப் பெருகுகிறது. கிருமியின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்குவதால் சிறுநீர் அளவின்றிப் போகிறது. நீங்கள் கண்ட தாகம் அதன் விளைவு. கர்ப்பப்பையின் வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே கசியாது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் அந்த நிலைதான் கூடுதல் ஆபத்து.

ஊசி மருத்துவம் இல்லாமல் இல்லை. ஆனால் அது, சீழ் வெளியேற வழியுள்ள, இனவிருத்திக்கு வைத்திருக்கும் இளம் நாய்களுக்கானது. அவற்றுக்கும் அடுத்த பருவத்தில் நோய் திரும்பக்கூடும். உங்கள் நாய்க்கு அந்தச் சோதனை தேவையில்லை.

மயக்க மருந்துக்கு வயது ஒரு தடையன்று. சிறுநீரகமும் இரத்தமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே முக்கியம். ஆகவே முதலில் நரம்பு வழியாகத் திரவமேற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள். தட்டணு எண்ணிக்கையை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமலே தட்டணுக்களைக் குறைத்துவிடும், உடம்பில் இப்போது உண்ணி இல்லை என்பது அதற்கு ஆறுதலாகாது.

வீட்டுக்கு வந்ததும் வெறும் டைல்ஸ் தரையில் படுக்கவிடாமல் கம்பளம் விரியுங்கள். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாட்கள், கழுத்தில் புனல் காலர் இருக்கட்டும். பாவமாக இருக்கிறதென்று கழற்றினால் ஒரே இரவில் நக்கிப் பிரித்துவிடும். தையலோரம் சற்றே இளஞ்சிவப்பு நீர் கசிவது இயல்பு. நாற்றமோ வீக்கமோ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கையில் ஈறு வெளுத்திருந்தால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று கொண்டு அந்நேரமே ஓடுங்கள்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய்க்குக் கருத்தடை அறுவை செய்ய இருக்கிறோம். ஒல்லியான இனம் மயக்கத்திலிருந்து எழாது என்கிறார்களே? – வாசகர், கோவில்பட்டி

பதில்: தயோபென்டோன் என்ற பழைய மருந்தால் பரவிய அச்சம் இது. அம்மருந்து கொழுப்பில் போய்ப் படிந்த பிறகே மயக்கம் தெளியும் என்பதால், கொழுப்பு குறைந்த வேட்டை நாய்கள் நெடுநேரம் கிடந்துவிடும். இப்போது விரைவில் தெளியும் புரோபோபால் போன்ற மயக்க மருந்துகள் உள்ளன. இனத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்தைய இரவோடு உணவை நிறுத்துங்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்த பூனை வலியில் முனகுகிறது. குழந்தையின் பாரசிட்டமால் சிரப்பில் சிறிது கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: கூடவே கூடாது. பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது; இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, உயிரே போய்விடும். பூனைக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் சிரப் பாட்டிலோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முறிவு மருந்து உண்டு, எவ்வளவு விரைவில் கொடுக்கிறோமோ அவ்வளவுக்கு அது பயன்படும்.