ஊதாக் கொழுந்து, வெள்ளைக் கொழுந்து: தேயிலை நிறம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, மேடம். பழைய விதைச்செடிகளுக்கு நடுவே ஒரு செடியில் மட்டும் கொழுந்து கருஞ்சிவப்பாக வருகிறது. நோயா?

பதில்: கொழுந்து வாடாமல் செழிப்பாகத் துளிர்க்கிறது என்றால் பயப்பட வேண்டாம். அது ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல் பழத்தின் நிறமும் இந்த வகைதான். இலை முற்ற முற்றப் பச்சையம் கூடி, சிவப்பு மங்கிவிடும். தேயிலைப் பூ தன் மகரந்தத்தில் பெரும்பாலும் காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. விதைத் தோட்டத்தில் இப்படி ஒன்றிரண்டு தலைகாட்டுவது இயல்பு.

கேள்வி: அக்கா, அப்படிப்பட்ட செடியின் விதையைப் போட்டால் ஊதாச் செடியே வருமா?

பதில்: நம்ப முடியாது தம்பி. தாய்ச்செடி தெரியும், மகரந்தம் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? சில கன்றுகள் ஊதாவாகவும் சில பச்சையாகவும் வரலாம். ஒரு இலையும் ஒரு கணுவும் உள்ள தண்டை வெட்டி வேர்பிடிக்க வையுங்கள், தாயின் மரபு அப்படியே வரும். கென்யாவில் 2011இல் வெளியான டிஆர்எஃப்கே 306 என்ற ஊதா ரகத்தையும் தண்டு வெட்டித்தான் பெருக்குகிறார்கள்.

கேள்வி: தாவரவியல் படிக்கிறேன். ஊதா நிறத்துக்கான மரபணு எது?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நிறமியைச் செய்யும் மரபணுக்கள் பச்சைக் கொழுந்துச் செடியிலும் இருக்கின்றன. அவற்றை முடுக்கிவிடுவதில்தான் வித்தியாசம். சீனாவின் யுன்னானில் சிஜுவான் என்ற ரகம் உண்டு, இளம் இலை, தண்டு எல்லாமே ஊதா. அதை ஆராய்ந்து 2016இல் வந்த கட்டுரை, சிஎஸ்ஏஎன்1 என்ற மரபணுவைக் காட்டியது. அதிலிருந்து உருவாகும் எம்ஒய்பி வகைப் புரதம் வேறு இரண்டு புரதங்களுடன் சேர்ந்து நிறமி மரபணுக்களை இயக்குகிறது. சாதாரணச் செடியில் அந்த மரபணுவின் முகப்புப் பகுதியில் மெத்தில் குறிகள் என்ற வேதிக் குறிகள் பூட்டுப் போட்டதுபோல் கூடுதலாக இருக்கும். சிஜுவானில் அவை குறைவு. குளிரும் நீண்ட நேர வெளிச்சமும் அந்தக் குறிகளைக் குறைக்கின்றன என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

அப்புறம் இன்னொன்று. தேநீருக்குத் துவர்ப்பு தரும் கேட்டச்சின்களும் இந்த நிறமியும் ஒரே பாதையில் பிறப்பவை. அந்தப் பாதையில் வரும் சயனிடின் என்ற மூலக்கூறில் சர்க்கரை ஒட்டினால் நிறமி. ஏஎன்ஆர் என்ற நொதி அதைப் பிடித்துக்கொண்டால் நிறமில்லாத எபிகேட்டச்சின், அதாவது ஒரு வகைக் கேட்டச்சின். ஒரே மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதில் நிறமும் சுவையும் பிரிகின்றன!

கேள்வி: சீனாவில் அன்ஜி வெள்ளைத் தேயிலை என்கிறார்களே, அதுவும் இப்படித்தானா?

பதில்: இல்லை, அது நேர் எதிர். ஜெஜியாங் மாகாணத்தின் அந்த ரகத்தில் புது நிறமி சேருவதில்லை, பச்சையம் குறைகிறது. வசந்தகாலக் குளிரில் கொழுந்து வெளுத்து வரும். வெப்பம் கூடியதும் பச்சைக்குத் திரும்பிவிடும். வெளுத்த கொழுந்தில் தியனைன் போன்ற அமினோ அமிலங்கள் கூடுதல், கேட்டச்சின் குறைவு. அதனால் துவர்ப்பில்லாத இதமான சுவை. பெயர்தான் வெள்ளை, தயாரிப்பது கிரீன் டீ முறையில். அதே மாகாணத்தின் ஹுவாங்ஜின்யா ரகத்தில் இலை மஞ்சளாக இருக்கும். அதற்கு வெளிச்சம்தான் முக்கியம், நிழல் கட்டினால் பச்சையாகிவிடும்.

கேள்வி: ஊதாக் கொழுந்தில் டீயும் ஊதாவாக இருக்குமா?

பதில்: கறுப்புத் தேயிலையாகச் செய்தால் நிறமியில் பெரும்பகுதி சிதைந்துவிடும். கிரீன் டீ முறையில் செய்தால் வெளிர் ஊதாச் சாயல் தெரியும், எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பாகும். பால் ஊற்றி அதைக் கெடுக்காதீர்கள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மறுபடியும் நான்தான், மேடம். மற்ற செடிகளைப் பிடுங்கிவிட்டு இதையே நடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் கொழுந்தை எடுக்கும் ஃபாக்டரியில் ஊதாக் கொழுந்தைத் தனியாக வாங்குவார்களா என்று கேளுங்கள். அந்தச் செடியிலிருந்து ஐம்பது தண்டு வெட்டி வையுங்கள். பனியிலும் மழையிலும் வெயிலிலும் நிறம் நிற்கிறதா, எவ்வளவு துளிர்க்கிறது என்று பாருங்கள். குளிர் மாதங்களில் மட்டும் சிவக்கிற செடி என்றால் அதை நம்பி நிலத்தை மாற்ற முடியாது.