புரதமில்லா நொதி: சிட்னி ஆல்ட்மனின் ஆய்வுகள் குறித்த கேள்வி பதில்

ஈ. கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியாவில், மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு பக்குவமடையும் விதத்தை ஆராய்ந்து, 1989இல் தாமஸ் செக்குடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சிட்னி ஆல்ட்மன் (1939–2022). அவரைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு நுண்ணுயிர் மரபியல் பேராசிரியர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, இயற்பியல் பட்டதாரியான அவர் பாக்டீரியாவிடம் எப்படி வந்து சேர்ந்தார்?

கனடாவின் மான்ட்ரியாலில் பிறந்த ஆல்ட்மன் 1960இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியல் பட்டம் பெற்றார். பின்னர் கொலராடோவில் லியனார்ட் லெர்மனிடம் சேர்ந்து, டி4 என்னும் பாக்டீரியத் தின்னியின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) டி.என்.ஏ. மீது அக்ரிடின் சாயங்கள் என்ன செய்கின்றன என்பதை ஆராய்ந்து 1967இல் முனைவரானார். ஹார்வர்டில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1969இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியலாளர்களான சிட்னி பிரென்னரும் பிரான்சிஸ் கிரிக்கும் வழிநடத்திய குழுவில் இணைந்தார்.

கேள்வி: கேம்பிரிட்ஜில் அவர் கண்டது என்ன? அதற்குத் திடீர்மாற்றப் பாக்டீரியாக்கள் (மரபணு மாறியவை) ஏன் தேவைப்பட்டன?

புரதம் கட்டப்படும் இடத்துக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுசேர்க்கும் கடத்து ஆர்.என்.ஏ. முதலில் நீளமான முன்னோடியாக உருவாகி, பிறகு வெட்டப்பட்டே உரிய அளவை அடைகிறது என்ற எண்ணம் அப்போதே இருந்தது. ஆனால் இயல்பான செல்லில் அந்த முன்னோடி உருவான வேகத்திலேயே வெட்டப்பட்டுவிடுவதால் அதைத் தனியே பிரித்தெடுப்பது அரிதாக இருந்தது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்துக்கான கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவில் ஒற்றை எழுத்து மாறிய திடீர்மாற்ற வகைகளில் மூலக்கூறு சரியாக மடியாததால் வெட்டும் வேலை தாமதப்பட்டது. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி வளர்த்த அத்தகைய செல்களின் மீது நேரடியாகப் பீனாலை ஊற்றி, நொதிகள் (தாம் மாறாமல் வினைகளை விரைவுபடுத்தும் மூலக்கூறுகள்) செயல்பட இடமே கொடுக்காமல் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தபோது முன்னோடி கைக்குக் கிடைத்தது. அதன் 5' முனை எனப்படும் தொடக்க முனையில் 41 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் அலகுகள்) கூடுதலாக இருந்தன. சக ஆய்வாளர் ஜான் ஸ்மித்துடன் சேர்ந்து ஆல்ட்மன் 1971இல் அதன் வரிசையை வெளியிட்டார். யேல் பல்கலைக்கழகப் பணியைப் பெற்றுத் தந்ததும் இதுதான். என் பார்வையில் அவருடைய வாழ்நாள் ஆய்வு முழுவதும் அந்த 41 நியூக்ளியோடைடுகளை நீக்குவது யார் என்ற ஒரே வினாவின் நீட்சியே.

கேள்வி: அந்த நொதிக்குள் ஆர்.என்.ஏ. இருப்பது எவ்வாறு தெரியவந்தது?

வெட்டும் நொதிக்கு ஆர்.என்.ஏஸ் பி என்று பெயரிட்டார்கள். எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அதனுடன் ஓர் ஆர்.என்.ஏ. ஒட்டிக்கொண்டே வந்தது. மாணவர் பெஞ்சமின் ஸ்டார்க், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தால் ஆர்.என்.ஏஸ் பி செயலிழப்பதைக் காட்டினார். அம்முடிவு 1978இல் வெளியானது. நொதி என்றாலே புரதம்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஆகவே, ஆர்.என்.ஏ. இன்றியமையாதது என்பதைத் தாண்டி, அதுவே வெட்டுகிறது என்று சொல்ல அவர்களுக்கும் துணிவு வரவில்லை. 1983இல், அமெரிக்காவின் டென்வரில் இருந்த நார்மன் பேஸ் குழுவினருடன் சேர்ந்து செய்த ஆய்வில், மக்னீசியம் அதிகமுள்ள கரைசலில் நொதியுடன் வந்த அந்த ஆர்.என்.ஏ. (எம்1 ஆர்.என்.ஏ. என்பது அதன் பெயர்) புரதமே இல்லாமல் முன்னோடியைச் சரியான இடத்தில் வெட்டுவதை ஆல்ட்மனின் ஆய்வகத்தைச் சேர்ந்த செசிலியா கெரியே-தகாடா கண்டார். மாசாகக் கலந்த புரதம் அதைச் செய்திருக்கலாமே என்ற நியாயமான ஐயத்துக்கு, குளோன் செய்த (தனியே பிரித்து நகலெடுத்த) மரபணுவிலிருந்து சோதனைக்குழாயில் படியெடுத்த ஆர்.என்.ஏ.வும் வெட்டியது என்பது அடுத்த ஆண்டு வந்த விடை.

கேள்வி: தாமஸ் செக் 1982இலேயே இதைக் கண்டுவிட்டார் அல்லவா?

டெட்ராஹைமீனா என்னும் ஒருசெல் உயிரியின் ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்வதை அவர் கண்டார். அந்த வினையில் மூலக்கூறு தானே மாறிவிடுகிறது. எம்1 ஆர்.என்.ஏ.வோ வேறு மூலக்கூறுகளை வெட்டிவிட்டு, தான் மாறாமல் அடுத்ததற்குச் செல்கிறது. நொதி என்பதன் கண்டிப்பான இலக்கணம் இதற்கே பொருந்தும்.

கேள்வி: அப்படியானால் புரதம் வெறும் துணைதானா?

அப்படிக் கருதுவது தவறு. 377 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ.வுடன் ஒரு சிறு புரதம் சேர்ந்ததே முழு நொதி. செல்லினுள் இருக்கும் குறைந்த மக்னீசியத்தில் அப்புரதம் இல்லாமல் வேலை நடக்காது. புரதத்தின் மரபணுவில் வெப்ப உணர்வுத் திடீர்மாற்றம் கொண்ட பாக்டீரியாவைச் சூடான சூழலில் வளர்த்தால், முன்னோடிகள் குவிந்து வளர்ச்சி நின்றுவிடும்.

கேள்வி: மருத்துவப் பயன் உண்டா?

1990இல் ஆல்ட்மனும் அந்தோணி ஃபார்ஸ்டரும் ஒரு வழியைக் காட்டினார்கள். இலக்கு ஆர்.என்.ஏ.வுடன் இணைசேரும் சிறிய வழிகாட்டி வரிசையைக் கொடுத்தால், அந்த இணை கடத்து ஆர்.என்.ஏ. முன்னோடியின் சாயலைப் பெற்றுவிடுவதால் ஆர்.என்.ஏஸ் பி அதையும் வெட்டுகிறது. பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பு மரபணுக்களை அடக்க அவருடைய ஆய்வகம் இதைப் பயன்படுத்திப் பார்த்து, பலனும் கண்டது. ஆயினும் வழிகாட்டி வரிசையைப் பாக்டீரியாவின் உறையைக் கடந்து உள்ளே செலுத்துவதே பெரிய தடையாக இருக்கிறது.