பழைய ஸ்டீரியோ செட்டுக்கு செகண்ட்ஹேண்ட் டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு மாற்றித் தரும் பெட்டி) வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

எனக்குத் தெரிந்தது. ஆனால் உங்களுக்கும் தெரியுமா என்பது இப்போது எதிலிருந்து பாட்டுப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்பீக்கர். சிடி பிளேயரின் லேசர் போன பிறகு லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஆம்ப்பில் செருகியிருந்தேன். சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம், மௌஸை நகர்த்தினால் கீச்கீச். வீணை மெல்ல அடங்கும் இடத்தில் வீணையை விட இதுதான் நன்றாகக் கேட்கும்.

டாக் செய்வது ஒரே வேலைதான்: பாட்டு ஃபைலில் இருக்கும் எண்களை ஆம்ப்புக்குப் புரியும் மின் அலையாக மாற்றுவது. லேப்டாப்புக்குள்ளும் அது இருக்கிறது, ஆனால் அத்தனை இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியே ஒரு தனிப் பெட்டிக்குக் கொண்டுவந்ததும் கீச்கீச் நின்றது. சார்ஜர் ரீங்காரம் மட்டும் இலேசாக மிச்சம் இருந்தது, ஏனென்றால் யுஎஸ்பி ஒயர் வழியாக எர்த் தொடர்பு அப்படியே வருகிறது. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் போட்டபோது சுத்தமாக அடங்கிவிட்டது. அதில் போவது வெறும் வெளிச்சம். (டிவியின் சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் (PCM, சாதாரண ஸ்டீரியோ ஒலி) என்று மாற்றுங்கள். டால்பியில் விட்டால் பெரும்பாலான ஸ்டீரியோ டாக்கில் சத்தமே வராது.)

முதல் நாள் 'அடடா, என்ன தெளிவு!' என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டேன். பாதி ஏமாற்று அது. டாக் வழக்கமாக 2 வோல்ட் வரை தரும், லேப்டாப் ஓட்டை அதில் பாதி தந்தாலே அதிகம். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். பிறகு நண்பரின் புத்தம் புது டாக்கை, என்னுடையதைப் போல ஐந்து மடங்கு விலை, ஒரே சத்த அளவில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டோம். எது எது என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் செகண்ட்ஹேண்டே போதும் என்கிறேன். டாக்கில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. ரொம்பப் பழையதென்றால் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழைய பெட்டிகள் பலவற்றில் யுஎஸ்பி வழியாக வரும் ஒலித் தரம் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சிடியே 16 பிட், 44.1 தான், கவலைப்படாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது அடாப்டரைப் பற்றி. எனக்கு விற்றவர் அதைத் தொலைத்திருந்தார். '12 வோல்ட் தானே' என்று ரவுட்டர் அடாப்டரைச் செருகினேன். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று இரண்டு நாள் புலம்பிய பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அலை மாதிரி ஒரு கோடு. அதற்கு வேண்டியது ஏசி, ரவுட்டர் அடாப்டர் தருவது டிசி. சென்னை ரிச்சி தெருவில் ஏசி அடாப்டர் கிடைத்தது, அன்றைக்கே பாடிவிட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் 230 வோல்ட் தாங்குமா என்றும் பாருங்கள்.

ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் பொடிந்திருந்தால் முதலில் அதற்குச் செலவழியுங்கள், டாக் அப்புறம். சிடி பிளேயர் நல்ல நிலையில் இருந்து, அதில்தான் கேட்கிறீர்கள் என்றால் டாக்கே வேண்டாம்.

வாங்கியதும் ஆம்ப்பின் பின்பக்கம் ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய ஓட்டையில் செருகுங்கள். ஃபோனோவில் வேண்டாம். அது ரெக்கார்ட் பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்காக வைத்தது, 2 வோல்ட்டைக் கொடுத்தால் ஸ்பீக்கர் கதறும்.